கையால் பார்க்காத மனிதர்

துருவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு ஒருவருடைய கைகள்தான் ஞாபகத்துக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கைகளை நான் முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அவை துணிக்குள் இருந்தன.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் இப்போது திண்டிவனத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். தாத்தாவின் கதையை நான் சொல்லிக்கொண்டு திரிவது அவர்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ. எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் டிரைவர். இந்தக் கதைக்கு அது போதும்.

முதலில் பார்த்தது திண்டிவனத்தில், ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் வண்டிகளை ஒவ்வொன்றாக ஷெட்டுக்குள் விடுவார்கள். தகட்டிலும் சட்டத்திலும் பிடித்த துருவைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த சிவப்பு முதல் பூச்சைப் பூசி, அதன்மேல் கலர் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே அனுப்புவார்கள். கலர் அடிப்பவனுக்குப் பெயர் கிடைக்கும். சுரண்டுகிறவனை யாரும் கேட்க மாட்டார்கள். அவர் சுரண்டுகிறவர்.

வண்டியின் உடைந்த பட்டை வில்லைக் காய்ச்சி அடித்து அவரே செய்துகொண்ட சுரண்டிகள் நாலைந்து இருந்தன. கம்பி பிரஷ் ஒன்று. பழைய வேட்டியைக் கிழித்த துணிகள். பொரிந்து கிளம்பிய துருவைச் சின்னச் சுத்தியால் தட்டி உதிர்ப்பார், அப்புறம் சுரண்டுவார், பிரஷ் போடுவார், எமரித் தாள் தேய்ப்பார், கிருஷ்ணாயிலில் நனைத்த துணியால் துடைப்பார். கடைசியில் ஒரு வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு. துணியில் துளி சிவப்பு தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. சுத்தமான இரும்பு கறுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அது வெள்ளி மாதிரி இருக்கும் என்று அவரிடம்தான் பார்த்தேன்.

நாம் சும்மா இருப்போமா? பளபளவென்று ஒன்று இருந்தால் கை தானாகப் போகும். பக்கத்தில் போய்க் கையை நீட்டினால் போதும், எங்கிருந்தோ கத்துவார்.

"கண்ணால பாரு! கையால பாக்காத!"

முதலாளியே ஒரு தடவை இந்தச் சத்தத்துக்குக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அன்றைக்கு ஷெட்டே சிரிப்பை அடக்கிக்கொண்டு திண்டாடியது.

வேலை நேரத்தில் கையில் துணி சுற்றிக்கொள்வது பெரிய விஷயமில்லை. ஆனால் அவர் அதை அவிழ்ப்பதே இல்லை. விரல் விரலாகச் சுற்றி, மணிக்கட்டில் முடிச்சுப் போட்டு, டீக்கடைக்கு வரும்போதும் அதே கோலம். யாரிடமும் எதையும் கையில் கொடுக்க மாட்டார். பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் கொடுப்பதையும் அப்படித்தான் வாங்குவார். சாப்பாட்டு வேளையில் வலது கைத் துணியை மட்டும் அவிழ்ப்பார், அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. ஷெட்டுக்காரர்கள் விடுவார்களா? அவருக்கு "மடி சாமி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"கூலிக்காரன் ஊட்டுல பொறந்துட்டு மடி பாக்கறத பாரு. அய்யருங்க கெட்டாங்க போ!" என்று அவர் காதில் விழும்படியே சொல்வார்கள்.

அவர் சண்டைக்கு வர மாட்டார். சிரிக்கவும் மாட்டார். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து சிரித்தவன்தான். ஒரு நாள் விழுப்புரத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வண்டியில் ஏதோ சின்ன வேலைக்காக அவரும் கூட வந்திருந்தார். விழுப்புரத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா இடுப்பில் ஒரு மூட்டை, கையில் ஒரு மூட்டை, பின்னால் தவழ்ந்து வருகிற மாதிரி ஒரு பிள்ளை. படியில் கால் வழுக்கிப் பிள்ளை தலைகுப்புற விழப் போயிற்று. கீழே நின்றவர் அவர் ஒருவர்தான். பாய்ந்து பிடித்தார். ஆனால் கையால் இல்லை. இரண்டு முழங்கைகளுக்கும் நடுவில் இடுக்கி, உள்ளங்கைகளை இரண்டு பக்கமும் விரித்து, பிள்ளை மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை வீறிட்டுக் கத்துகிறது. அவர் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறார்.

"யாராவது வாங்கிக்கோங்க! ஜல்தி வாங்கிக்கோங்க!"

அந்த அம்மா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, "என்னா மனுசன்யா நீ, அழுக்குப் பிள்ளைன்னு தொட மாட்டியா?" என்று ஒரு ஏச்சு ஏசிவிட்டுப் போனாள். அவர் முகம் வேர்த்து ஊற்றியது. அழுக்கைப் பார்த்து அருவருத்த முகம் இல்லை அது. பயந்துபோன முகம். எதற்குப் பயம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு மகள் இருந்தாள். பெண்டாட்டி பிரசவித்த சில நாளிலேயே போய்விட்டாள், பிள்ளையை மச்சினிச்சி எடுத்து வளர்க்கிறாள் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் அந்த வீட்டுக்குப் போவார். பாவாடைத் துணி, கரும்பு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஒரு மரக்கால், எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டு எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்வார். அந்தப் பெண் வெளியே வந்து எடுத்துக்கொண்டு, நின்று, அவரைப் பார்ப்பாள். அவரும் பார்ப்பார். கண்ணால் பார்ப்பதோடு சரி.

அவள் கல்யாணத்துக்கும் நான் போயிருந்தேன். அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது, பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டின காலம். மூஞ்சியெல்லாம் கரியோடுதான் கல்யாணத்தில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கையில் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பெண்ணின் பெரியப்பா வந்து பிடித்துக் கொடுத்தார். நான் பின்னால் போய்ப் பார்த்தால், சமையல் பந்தலுக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் அவர் நிற்கிறார். கையில் அட்சதை. புதுத் துணி சுற்றிய கை.

"மோளம் கொட்டுதுண்ணே, வாங்க" என்றேன்.

"இங்கருந்தே போடறேன்பா" என்று சுவருக்கு மேலாக வீசினார். அரிசி அண்டாமேல் விழுந்து சத்தம் போட்டது.

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற மகளின் கல்யாணத்தில் இப்படியும் ஒருவன் நிற்பானா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பெண்டாட்டியிடம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள்தான், "அந்த மனுசனுக்கு இன்னா கொறையோ, ஒனக்கு இன்னா தெரியும்" என்று என் வாயை அடைத்தாள்.

சண்டை முடிந்த மறு வருஷம் நான் பஸ்ஸை விட்டுவிட்டுக் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் ஒரு பண்ணைக்கு வேலைக்குப் போனேன். அந்தப் பண்ணை முதலாளி முன்னொரு காலத்தில் ஆசைப்பட்டு ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார். இரும்புச் சக்கரமும் அதில் முள் முள்ளாகப் பல்லும் வைத்த பழைய மாடல், கிருஷ்ணாயிலில் ஓடுவது. முதல் வருஷமே நஞ்சையில் இறங்கி அச்சுவரை புதைந்துபோய், எட்டு ஜோடி மாடு கட்டி இழுத்து வெளியே போட்டார்களாம். அதோடு புளியமரத்தடியில் நிறுத்தியது நிறுத்தியதுதான். நான் போனபோது அதன் சீட்டில் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. பின் சக்கரத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே துரு, கையை வைத்தால் பொலபொலவென்று கொட்டும்.

ஊரில் நெல்லுக்குத் தட்டுப்பாடு. முதலாளிக்குப் பழைய ஆசை மறுபடி வந்துவிட்டது. ஆடி பதினெட்டுக்குள் வண்டியை வயலில் இறக்க வேண்டும் என்றார். இன்ஜினை நான் பார்த்துக்கொள்கிறேன், துருவுக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று நான்தான் அவரை வரவழைத்தேன்.

கோணிப்பையில் சுரண்டிகளோடு வந்து இறங்கினார். தலை நரைத்துவிட்டது. கைத் துணி அப்படியே இருந்தது. டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பாவம்" என்றார்.

வைக்கோல் போடுகிற கொட்டகையில்தான் இரண்டு பேருக்கும் ஜாகை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். அவரோடு இருப்பதும் தனியாக இருப்பதும் ஒன்றுதான். காலையில் வெயில் ஏறி ஈரம் காயும்வரை இரும்பைத் தொட மாட்டார், உட்கார்ந்தே இருப்பார். அப்புறம் ஆரம்பித்தால் நிமிர மாட்டார். ஒரு நாளைக்கு ஒரு முறம் அகலம்தான் சுரண்டுவார். பொழுது சாய்வதற்குள் எவ்வளவு பூச முடியுமோ அவ்வளவு. சுரண்டுவது அவர், பூசுவது நான். பூச்சு பிரஷ்ஷைக் கூட அவர் தொட மாட்டார்.

"இன்னும் கொஞ்சம் சேத்து சுரண்டிடுங்களேன், சீக்கிரம் முடிச்சிட்டு ஊருக்குப் போலாம்" என்பேன்.

"பூசாம உட்டா ராத்திரிக்கே துரு ஏறிடும். மேல எத்தினி கலர் அடிச்சாலும் உள்ளேருந்து பொரிச்சிக்கினு வரும். எதுக்கு அந்தப் பேஜாரு?" என்பார்.

பானெட் தகடு சுரண்டின அன்று அந்தப் பேஜாரு வந்தேவிட்டது. நல்ல புழுக்கம். சாயங்காலம் பூசலாம் என்று டப்பாவைத் திறக்கும்போது முதலாளி ஆள் அனுப்பி என்னை அவசரமாகக் கூப்பிட்டார். இடியும் மின்னலுமாக வேறு இருந்தது. ஓடுகிற ஓட்டத்தில் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டேன். மழை பிடித்துக்கொண்டது, அன்று முதலாளி வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தார்ப்பாய் கீழே கிடக்கிறது. வெள்ளைத் தகட்டின் நடுவில் ஒரு கை. செம்மண்ணில் தோய்த்துப் பதித்த மாதிரி, ஐந்து விரலும் உள்ளங்கையும், துருவால் எழுந்த ஒரு கை.

அவர் துணி சுற்றிய தன் கையைத் தூக்கிக் காட்டினார். "துணியக் கூட மீறிக்கினு வந்துட்டுது பாத்தியா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தக் கையில் மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது. பஸ் ஓட்டின காலத்தில் என் மோதிர விரலில் பாதியை இன்ஜின் ஃபேன் பெல்ட் வாங்கிக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன்.

"அண்ணே, இது ஒங்க கை இல்ல. என் கை. தார்ப்பாய் இழுத்தப்ப வேர்த்த கையை ஊனிட்டேன் போல. இதோ பாருங்க."

என் கையை நீட்டினேன். அவர் எழுந்து வந்து கையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"ஒனக்குப் பிள்ளைங்க எத்தினி?"

"நாலு."

"நாலும் நல்லா இருக்குதுங்களா?"

"கல்லாட்டம் இருக்குதுங்க. ஏன் கேக்கறீங்க?"

"தூக்குவியா?"

"இன்னாண்ணே கேள்வி இது? ஊட்டுக்குப் போனா கடைசிது என் மார் மேலதான் தூங்கும்."

"பொண்டாட்டி?"

"அவளுக்கு இன்னா, என்னை ஏசறதுக்குத் தெம்பு நல்லாத்தான் இருக்குது."

அன்றைக்கு அவர் சுரண்டியைத் தொடவில்லை. அந்தத் தகட்டுக்கு எதிரில் உட்கார்ந்தபடியே, என்னைப் பார்க்காமல், தகட்டிடம் சொல்வது போலச் சொன்னார்.

பிள்ளை பிறந்த வீட்டில் காத்து கருப்பு அண்டாமல் இருக்கப் பிள்ளை கையில் இரும்புக் காப்புப் போடுவது வழக்கம். மகள் பிறந்ததும் கொல்லரிடம் ஒரு காப்பு அடித்து வாங்கியிருக்கிறார். கொல்லர் கொடுத்ததைக் கறுப்பாக அப்படியே போட அவருக்கு மனசு வரவில்லை. முதல் பிள்ளை, பெண் பிள்ளை. உட்கார்ந்து சுரண்டி, எமரித் தாள் போட்டு, வெள்ளி மாதிரி ஆக்கி, தன் கையாலேயே பிள்ளையின் கையில் மாட்டியிருக்கிறார். மாட்டிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

இரண்டு மூன்று நாளில் காப்பு முழுக்கத் துரு. பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம். அதே நாள் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. ஜன்னி என்றார்கள், போய்விட்டாள். மாமியார் காப்பைக் கழற்றி அவர் எதிரில் போட்டு, "ஒன் கை பட்டா இரும்பே செத்துப் பூடுதே, என் பொண்ணு எந்த மூலைக்கு?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். அப்புறம் ஷெட்டிலும் அவர் தொட்ட சாமானில் கைத்தடம் விழுகிறது என்று மேஸ்திரி சத்தம் போட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. நம் ஊரில் விதை போடவும் கடை திறக்கவும் ராசியான கையைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவோம் இல்லையா, அந்தக் கணக்கில் தன் கை எது என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார்.

"வேர்த்த கை எல்லாத்துக்கும் இப்படித்தாண்ணே" என்றேன். தலையை ஆட்டினார். மறுநாள் என் கைத்தடத்தைச் சுரண்டி எடுத்தார். துணியோடுதான். பழகிப்போன பயம் ஒரு காலைப்பொழுதில் போய்விடுமா? போகாது. ஆனால் அதற்கப்புறம் அவ்வப்போது சுரண்டுவதை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பீடி பற்ற வைப்பதை, மாட்டைத் தட்டிக் கொடுப்பதை, எதையோ தொடுவதை. எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பானெட், டாங்கி, மட்கார்டு எல்லாம் பூசி, பின் சக்கரங்கள் மட்டும் பாக்கி நின்ற சமயத்தில் ஒரு மாட்டு வண்டி வந்து புளியமரத்தடியில் நின்றது. அவர் மகள். விழுப்புரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டி பிடித்துப் புருஷனோடு வந்திருந்தாள். ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்கியது. புருஷன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனான்.

அவர் வழக்கம்போல எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றை எடுத்துக் கோணிமேல் வைத்தாள். துருப்பிடித்த சின்ன வளையம். பழைய வெள்ளி ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும்.

"சின்னம்மா பொட்டியில இருந்துது நைனா. என் பிள்ளைக்கும் இத்தத்தான் போடணும். சுத்தம் பண்ணிக் குடு."

"அது வேணாம்மா. புதுசா ஒண்ணு அடிச்சிக்கலாம்."

"எனக்குப் போட்டதுதான் வேணும்."

அவர் குனிந்து அதை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். சுரண்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தப் பெரிய டிராக்டரைச் சுரண்டும்போது வராத பெருமூச்செல்லாம் அப்போது வந்தது.

நான் அவளுக்குப் பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவள் டிராக்டரைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் துண்டு துண்டாப் பூசி இருக்கீங்க? மொத்தமா சுரண்டிட்டு மொத்தமாப் பூசக் கூடாதா?"

"ஒங்க நைனா உடமாட்டாரும்மா. சுரண்டி வெளுத்த இரும்பு சொம்மா நின்னா ஒரு ராத்திரி தாங்காதாம். ஒடனே பூசிடணும். இல்லாட்டி எண்ணெயாவது தடவணும்."

"எண்ணெ தடவினா நிக்குமா?"

"நிக்கும். அப்பறம் கை பட்டாக் கூட ஒண்ணும் ஆவாது."

செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுரண்டும் சத்தம் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அம்மா செத்த கதை அது. அப்பா தொடாத கதையும் அதுதான்.

வெகுநேரம் கழித்து அவர் வந்தார். காப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. துரு தின்ற இடத்தில் மட்டும் பொடிப் பொடிப் பள்ளம். கோணிமேல் ஒரு துணியை விரித்து அதில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அவள் எடுக்கவில்லை.

"கையில குடு நைனா."

"அங்க இருக்குது பாரு. எடுத்துக்கோ."

"கையில குடு."

"வேணாம்மா. மாசமா இருக்கற. சொன்னாக் கேளு."

"நீ அன்னிக்கு இத்த சுரண்டிட்டு, எண்ணெ தடவினியா?"

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

"தடவலே" என்றார்.

"பூச்சு பூசினியா?"

"பிள்ளை கையில போடறதுக்கு யாரு பூச்சு பூசுவா?"

"அப்ப துருப்பிடிக்காம இன்னா பண்ணும்? அவ்ளோதானே நைனா? ஊர் வண்டிக்கெல்லாம் இத்த சொல்லிக்கினு இருக்கியே, ஒரு நாளாவது நீ ஒனக்குச் சொல்லிக்கினியா?" சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு இடையிலேயே குரல் உடைந்துவிட்டது. "அந்த வேப்பமரத்தாண்ட நின்னுக்கினு நின்னுக்கினு... நான் இன்னா பாவம் பண்ணேன்?"

நான் அந்த இடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். நீட்டின கை வலித்திருக்கும். இறக்கவில்லை.

அவர் மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒவ்வொரு விரலாகத் துணி கீழே விழுந்தது. அந்தக் கைகளை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெயிலே படாமல், நாள் முழுக்கத் துணி துவைத்தவர் கை மாதிரி வெளுத்துச் சுருங்கி இருந்தன. அவர் உடம்புக்கும் அந்தக் கைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

நேராக அவளிடம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கொட்டகைக்குள் போய், வண்டி அச்சுக்குப் போட வைத்திருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தார். முதலில் காப்புக்குத் தடவினார். அப்புறம் தன் உள்ளங்கையில் ஊற்றினார். இரண்டு கையிலும், விரல் இடுக்கிலும், நகக் கண்ணிலும், மணிக்கட்டுவரை, ஒரு இடம் விடாமல், இன்ஜின் சாமானுக்குத் தடவுகிற மாதிரி நிதானமாகத் தடவினார். வெள்ளைத் துணியால் மிச்சத்தைத் துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

பிறகு அவள் கையைப் பிடித்துக் காப்பை அதில் வைத்து, அவள் விரல்களை மூடி, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவள் அழுதாள். அவர் அழவில்லை. அவள் கையை மேலும் கீழும் புரட்டி, வளையலை ஒதுக்கி, அந்தப் பழைய சிவப்பு வளையம் இருந்த மணிக்கட்டைத் தேடுகிறவர் போலக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்மாம் பெருசாப் பூட்டுது" என்றார்.

ரயிலுக்கு நேரமாகிறது என்று புருஷன் மாட்டைப் பூட்டினான். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொள்ளவில்லை. பிரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு போனாள். வண்டி திருப்பம் தாண்டும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி மறைந்த பிறகு அந்தக் கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தார், எடுத்தார். முதுகுக்குப் பின்னால் கட்டினார், பிரித்தார். கீழே கிடந்த துணிகளைக் குனிந்து பார்த்துவிட்டு எடுக்காமல் நிமிர்ந்தார். தொடுவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. நான் இருந்தேன், என்னைத் தொட அவருக்கு வெட்கம். கடைசியில் மெதுவாக நடந்து போய் டிராக்டரின் பானெட்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார்.

"கண்ணால பாருங்கண்ணே, கையால பாக்காதீங்க" என்றேன். கேலிக்குத்தான் சொன்னேன்.

"பூச்சு காஞ்சிட்டுதான்னு பாக்கறேன்பா" என்றார்.

அது என்றைக்கோ காய்ந்துவிட்டிருந்தது. பொழுது சாயும்வரை அவர் கையை எடுக்கவில்லை.